பவர் ஏஜென்ட் போட்ட கையெழுத்து யாரைக் கட்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களில் ‘பவர் ஏஜென்டிடம் நேரில் பேசலாம்’, ‘அட்வான்ஸ் கொடுத்த அன்றே ஒப்பந்தம்’ என்பன போன்ற வாசகங்களைப் படிக்கும்போதெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த கடிதம் இது. செங்கல்பட்டில் சிவில் வழக்குகளை நடத்தி வந்த ஒரு வழக்கறிஞரிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் கிரைய ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட பிராதுகளை, அதாவது வழக்கு மனுக்களை, தட்டச்சு செய்தும், ஆவணங்களுக்கு வரிசை எண் போட்டும், நகல் மனு போட்டும் பழகியதில், உரிமையாளருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் நீதிமன்றத்தில் எங்கே நிற்கின்றன, எங்கே சரிகின்றன என்பதை ஓரளவு கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் மைத்துனருக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2016-ஆம் ஆண்டில் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கிரவுண்டு மனைக்கு அவர் ஐந்து லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். உரிமையாளர் கோயம்புத்தூரில் இருந்தார். கையெழுத்திட்டவர் அவருடைய பவர் ஏஜென்ட், அதாவது அவர் அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்த முகவர். அதற்கு ஆதாரமாகப் பவர் பத்திரத்தின் ஜெராக்ஸ் கொடுக்கப்பட்டது. பதிவு எண், சார்பதிவாளர் முத்திரை, உரிமையாளரின் புகைப்படம், கைரேகை எல்லாம் அதில் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் நம்பிக்கை வரும். மைத்துனர் ஒப்பந்தத்தை மூன்று முறை படித்ததாகச் சொன்னார், நான்கெல்லைகளைக்கூடச் சரிபார்த்திருந்தார். பவர் பத்திரத்தில் அவர் பார்த்தது முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டுமே, ஏனென்றால் அவரிடம் கொடுக்கப்பட்டது அந்த இரண்டு பக்கங்கள்தாம்.

ஏழு பக்கப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் இருந்த வாசகத்தை, பிறகு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து நகல் வந்தபோதுதான் படித்தோம். பட்டா மாறுதல் செய்யவும், மின் இணைப்புப் பெறவும், உள்ளாட்சியில் வரி செலுத்தவும், சொத்தை வாங்க விரும்புவோருடன் விலை பேசவும் ஏஜென்டுக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தது. வழக்கமாக அடுத்து வரும் வரியான ‘கிரைய ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கவும், முன்பணம் பெற்று ரசீது கொடுக்கவும், கிரையப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்து கொடுக்கவும்’ என்பது அதில் இல்லை. ‘விலை பேசிச் சொல் என்றுதான் சொன்னேன், விற்றுக் கொடு என்று சொல்லவில்லை’ என்று, நாங்கள் அனுப்பிய வக்கீல் அறிவிப்புக்கு உரிமையாளர் பதில் அனுப்பினார். கோபமாக இருந்தாலும், சட்டப்படி அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏஜென்ட் கையெழுத்திட்ட ஒப்பந்தம் செல்லாது என்று பொதுவாகப் பேசுவது பிழை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 226-ஆம் பிரிவின்படி, முகவர் மூலம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, உரிமையாளரே நேரில் செய்துகொண்டது போலவே அமல்படுத்தலாம்; விளைவுகளும் அப்படியே. ஆகவே, முறையான அதிகாரம் கொடுத்துவிட்டு, பிறகு நிலத்தின் விலை ஏறியதும் ‘நான் கையெழுத்துப் போடவில்லையே’ என்று சொல்லும் உரிமையாளருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதே சமயம், அதிகாரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அந்தக் கையெழுத்துக்கு உயிர். ஒப்பந்தப் பத்திரத்தை எவ்வளவு கவனமாக எழுதினாலும், அதற்கு முந்தைய பத்திரமான பவரில் இல்லாத ஒன்றை அது உண்டாக்கித் தராது. நம் மக்கள் ஒப்பந்தத்தைப் படிக்கிறார்கள், வில்லங்கச் சான்று பார்க்கிறார்கள், தாய்ப் பத்திரம் கேட்கிறார்கள். பவரை மட்டும் ஓர் அடையாள அட்டையைப் போல முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பவர் கூட இல்லாத தரகர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ‘டோக்கன் அட்வான்ஸ்’ சீட்டுகளின் நிலை இன்னும் பரிதாபமானது. நிலத்துக்கு ஆள் பார்த்துக் கொடு, இந்த விலைக்குக் குறையாமல் பேசு என்று உரிமையாளர் சொல்வதால் மட்டும், அவர் சார்பில் ஒப்பந்தம் முடிக்கும் அதிகாரம் தரகருக்கு வந்துவிடாது என்பது இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வரும் நிலை. தரகரின் வேலை இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பது, அதற்குத்தான் கமிஷன். முகவருக்கான அதிகாரத்தை வாய்மொழியாகவும் தரலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 187-ஆம் பிரிவு அனுமதிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வாய்மொழியை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் சுமை வாங்குபவரின் தலையில் விழுகிறது. உரிமையாளர் மறுத்துவிட்டால், அந்தத் திண்ணையில் நடந்த பேச்சுக்குச் சாட்சி சொல்ல வருபவர் பெரும்பாலும் தரகர் ஒருவரே.

இதில் ஒரு வழக்கைக் குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் அது சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சாரிட்டபிள் டிரஸ்ட் எதிர் பொன்னியம்மன் எஜுகேஷனல் டிரஸ்ட் என்ற அந்த வழக்கு 2012-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. நிலத்துக்குச் சொந்தமான அறக்கட்டளை நேரடியாகக் கையெழுத்திடாமல், அதன் முகவர் என்று சொல்லப்பட்டவர் வழியாக ஏற்பட்ட ஒப்பந்தத்தை வைத்து, வாங்கும் தரப்பு ‘ஏற்றதை ஆற்றுதல்’ பரிகாரம், அதாவது ஒப்பந்தப்படி நிலத்தைக் கிரையம் செய்து தரும்படி உத்தரவு, கேட்டது. அந்த முகவருக்கு விற்பனை செய்யும் அதிகாரத்தைத் தந்த ஆவணம் எதுவும் பிராதோடு தாக்கல் செய்யப்படவில்லை. சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, வாதம் என்று எதுவும் தேவைப்படாமல், உரிமையாளருக்கு எதிராக வழக்கு மூலமே, அதாவது வழக்குப் போடுவதற்கான அடிப்படையே, இல்லை என்று சொல்லிப் பிராதையே நிராகரித்தது நீதிமன்றம். முழு விசாரணை நடந்து தோற்பது ஒரு வகை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவது வேறு வகை. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு, எங்கள் அலுவலகத்தில் ஏஜென்ட் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவாயினும், பவர் பத்திரத்தின் முழு நகல் இல்லாமல் பிராதுக் கட்டில் நூல் கோக்க வழக்கறிஞர் ஐயா அனுமதித்ததில்லை.

பவரின் வாசகத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே படிக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ‘சொத்தை நிர்வகிக்கவும் வாடகைக்கு விடவும்’ என்று எழுதப்பட்டதிலிருந்து விற்கும் அதிகாரத்தை ஊகித்துக்கொள்ள முடியாது. ‘மற்றும் இதன் தொடர்பான அனைத்துக் காரியங்களையும் செய்ய’ என்று கடைசியில் ஒட்டவைக்கும் பொதுவரி, மேலே சொன்ன காரியங்களுக்குத் துணை செய்யுமே தவிர, மேலே சொல்லாத ஒன்றைக் கூட்டிக் கொடுக்காது. சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று விட்டுப்போயிருந்தால், அந்தத் துண்டுக்கு அவர் ஏஜென்டே அல்லர். உடன்பிறந்தவர்கள் நால்வரில் மூவர் மட்டும் பவர் கொடுத்திருந்தால், நான்காமவரின் பங்கை அந்த ஒப்பந்தம் தொடாது. நம் மாநிலத்தில், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்த 1989-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த நான்காமவர் பெரும்பாலும் கல்யாணமாகிப் போன தங்கையாக இருப்பார்.

விலை விஷயத்தில் சட்டம் நியாயமாகவே நடந்துகொள்கிறது. உரிமையாளர் ஏஜென்டிடம் தனியாக, ‘சதுர அடி மூவாயிரத்துக்குக் குறைந்து பேசாதே’ என்று சொல்லியிருந்து, அது வெளியே யாருக்கும் தெரியாத நிலையில் ஏஜென்ட் குறைத்து ஒப்பந்தம் போட்டால், அந்த இரகசிய உத்தரவைக் காட்டி உரிமையாளர் எளிதில் நழுவ முடியாது. அதிகாரம் இருப்பதாகப் பிறரை நம்பவைத்தவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 237-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே குறைந்தபட்ச விலை பவர் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் கதை மாறிவிடும். பத்திரத்தில் இருப்பது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும். படிக்கவில்லை என்பது பதிலாகாது. நான்காம் பக்கத்தைப் படிக்காதவருக்கு 237-ஆம் பிரிவும் கைகொடுப்பதில்லை.

அதிகாரமே இல்லாமல் ஏஜென்ட் கையெழுத்திட்டிருந்தாலும், உரிமையாளர் பிற்பாடு அதை ஏற்றுக்கொண்டால், தொடக்கத்திலிருந்தே அதிகாரம் இருந்தது போல ஆகிவிடும். இதைப் பின்னேற்பு என்பார்கள். 196, 197-ஆம் பிரிவுகள். எழுத்தில்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை, நடத்தையாலும் ஏற்கலாம். என் அனுபவத்தில் வாங்குபவரைக் காப்பாற்றிய ஆவணங்களில் முதலிடம் வங்கிக் கணக்கு அறிக்கைக்கே. முன்பணம் நேராக உரிமையாளரின் கணக்கில் விழுந்து, அவரும் விவரம் தெரிந்தே அதைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்து செலவும் செய்திருந்தால், ‘எனக்கு இந்த ஒப்பந்தமே தெரியாது’ என்று கூண்டில் ஏறிச் சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். ஆகையால், கையெழுத்து ஏஜென்டுடையதாக இருந்தாலும் பணம் உரிமையாளரின் கணக்குக்குப் போகட்டும் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஏஜென்ட் இதற்கு மறுத்தால், அந்த மறுப்பிலேயே பாதி விடை இருக்கிறது. என் மைத்துனர் மூன்று லட்சத்தை ரொக்கமாகவும், இரண்டு லட்சத்தை ஏஜென்டின் சொந்தக் கணக்கிலும் கொடுத்திருந்தார். உரிமையாளர் ஒரு ரூபாய்கூடப் பார்க்கவில்லை. பின்னேற்பு என்று வாதாட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

ரொக்கம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பெங்களூரு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லி வழக்கு வந்தால், அந்த நீதிமன்றம் வருமான வரித்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ‘கணக்கில் காட்டாமல் முடித்துக்கொள்வோம்’ என்று ஏஜென்ட் சொல்லும் யோசனை, வழக்கு என்று வரும்போது வாங்கியவரின் காலையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

இனி, மரணம். பவர் எழுதிக்கொடுத்தவர் இறந்த நிமிடத்தோடு பவரும் இறக்கிறது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. அவருக்குச் சித்தம் கலங்கினாலும், அவர் நொடித்துப்போனாலும் அப்படியே. இதற்கு விலக்கு, ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் ஓர் உரிமை இருந்து, அதைப் பாதுகாக்கும் பொருட்டுப் பவர் தரப்பட்டிருந்தால். அது 202-ஆம் பிரிவு. இந்த விலக்கை நம் பத்திர எழுத்தர்கள் படுத்தும் பாடு சொல்லி மாளாது. பவரின் தலைப்பில் ‘ரத்து செய்ய இயலாத’ என்ற சொற்களைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டால் போதும், உரிமையாளர் செத்தாலும் பவர் சாகாது என்று வாடிக்கையாளருக்கு உறுதி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அனந்தமூர்த்தி எதிர் மஞ்சுளா என்ற வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை அவர்கள் ஒரு முறை படிக்க வேண்டும். பெங்களூரில் 1986-ஆம் ஆண்டில் 10,250 ரூபாய்க்கு ஒரு மனையை விற்பதாகப் பதிவில்லாத ஒப்பந்தமும், கூடவே ஒரு பொது அதிகாரப் பத்திரமும் எழுதப்பட்டன. உரிமையாளர் 1997-ல் காலமானார். பவர் வைத்திருந்த அம்மையார் அடுத்த ஆண்டு, அந்தப் பவரைக் கொண்டே தம் மகனுக்குக் கிரையம் எழுதிக்கொடுத்தார். இறந்தவரின் வாரிசுகள் அதே மனையை வேறொருவருக்கு விற்றார்கள். ரத்து செய்ய இயலாதது என்ற சொல் இருப்பதாலேயே ஒரு பவர் அப்படி ஆகிவிடாது, அதன் உள்ளடக்கமும் சூழ்நிலையும் என்ன சொல்கின்றன என்பதையே பார்க்க வேண்டும் என்று சொல்லி, உரிமையாளர் இறந்த பிறகு அந்த அம்மையார் எழுதிய கிரையத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. முழு விலையும் கொடுத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்தவருக்கு நேர்ந்தது அது. நம் ஊரில் இன்றைக்கும் எத்தனை பெட்டிகளில் இப்படிப்பட்ட பவர்கள் உறங்குகின்றனவோ.

இதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். உரிமையாளர் உயிரோடும் பவர் நடப்பிலும் இருக்கும்போது ஏஜென்ட் முறையாகக் கையெழுத்திட்ட கிரைய ஒப்பந்தம், உரிமையாளர் பிறகு இறந்தால் அழிந்துவிடுவதில்லை. அது உரிமையாளர் செய்த ஒப்பந்தம்; அவருடைய கடமை அவருடைய வாரிசுகளின் மேல் இறங்கும். அழிவது ஏஜென்டின் அதிகாரம் மட்டுமே. அதாவது, அவர் இனிமேல் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட முடியாது. ஆகவே வாங்குபவர் செய்ய வேண்டியது, வாரிசுகளிடம் போவதும், அவர்கள் மறுத்தால் அவர்களைப் பிரதிவாதிகளாகச் சேர்த்து வழக்குப் போடுவதும். இதற்கு மாறாக, ‘சாவு வெளியே தெரிவதற்குள் பதிவை முடித்துவிடலாம்’ என்று ஏஜென்டோடு சேர்ந்து அவசரப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் பதிவுக்கு வரும்போது, பவர் கொடுத்தவரின் உயிர்வாழ்வுச் சான்றைப் பதிவுத்துறை கேட்பது இந்த அவசரத்துக்கு வைத்த தடைதான். பதினோராம் நாள் காரியத்துக்கு முன்னால் வாங்கிய உயிர்வாழ்வுச் சான்று ஒன்று எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வழக்கில் ஆவணமாக வந்தது. செல்லத்தக்க ஒரு ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர், அந்த ஒரு சான்றால் மோசடிப் புகாரில் மாட்டிக்கொண்டார்.

பவரை ரத்து செய்வதிலும் இதே போன்ற குழப்பம் உண்டு. ரத்து என்பது முன்னோக்கியே செல்லும். ஏஜென்ட் ஏற்கெனவே போட்டுவிட்ட ஒப்பந்தத்தை அது பின்னால் போய்க் கலைக்காது. மூன்றாம் நபரைப் பொறுத்தவரை, ரத்தானது அவருக்குத் தெரியவந்த பிறகே அது அவரைக் கட்டும் என்று 208-ஆம் பிரிவு சொல்கிறது. தெரியாது என்று சொல்பவரின் பேச்சு எடுபட வேண்டுமானால், அவர் ஒப்பந்த நாளுக்கு முன்தினம் எடுத்த வில்லங்கச் சான்றாவது கையில் இருக்க வேண்டும்.

பதிவைப் பற்றி வாசகர்கள் பலருக்கு இருக்கும் ஐயத்தையும் தொட்டுவிடுகிறேன். தமிழ்நாடு 2012-ஆம் ஆண்டில் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தங்களையும், வெளிநாட்டில் எழுதப்பட்டவை நீங்கலாக அசையாச் சொத்து சம்பந்தமான பவர்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியவை ஆக்கியது. அப்படியானால் பதிவு செய்யாத ஒப்பந்தம் குப்பைக் கூடைக்குத்தானா என்றால், இல்லை. ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இந்தத் தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும், பதிவுச் சட்டம் 49-ஆம் பிரிவின் காப்புரை என்ற விதிவிலக்கு வாசகத்தின்படி, ஏற்றதை ஆற்றுதல் கோரும் வழக்கில் பதிவில்லாக் கிரைய ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. சாட்சியமாக ஏற்பது வேறு, வழக்கில் வெல்வது வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், கிரைய ஒப்பந்தம் பதிவானதாகவே இருந்தாலும் அது சொத்தில் உரிமையைத் தருவதில்லை. கிரையப் பத்திரத்தைக் கேட்கும் உரிமையை மட்டுமே தருகிறது. ஒப்பந்தமும் பவரும் சேர்ந்தால் விற்பனை ஆகிவிடும் என்ற நம்பிக்கையை உச்ச நீதிமன்றத்தின் 2011-ஆம் ஆண்டு சூரஜ் லேம்ப் தீர்ப்பு முடித்துவைத்தது. அதே தீர்ப்பு, மகனுக்கோ மனைவிக்கோ, நிலத்தை மேம்படுத்தும் நிறுவனத்துக்கோ உண்மையான தேவைக்காகக் கொடுக்கப்படும் பவர்களைத் தாம் தொடவில்லை என்றும் சொன்னது. அந்தப் பாதியை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

வழக்குப் போடும் கட்டத்துக்கு வந்தால், ஏஜென்டைவிட உரிமையாளரே முக்கியப் பிரதிவாதி. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், உரிமையாளருக்காகச் செய்த ஒப்பந்தத்துக்கு முகவர் தனிப்பட்ட முறையில் கட்டுப்பட மாட்டார். காலவரம்பு மூன்று ஆண்டுகள்: ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து, குறிக்காவிட்டால் மறுப்புத் தெரிந்த நாளிலிருந்து. இந்தப் பரிகாரத்தைத் தரும் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தில் (Specific Relief Act) 2018 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு ஏற்றதை ஆற்றுதல் என்பது நீதிபதியின் விருப்புரிமை என்ற பழைய நிலை போய்விட்டாலும், தாம் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை வாங்குபவர் மெய்ப்பித்தாக வேண்டும் என்பது மாறவில்லை. வாங்குபவரின் பக்கத்திலும் ஏஜென்ட் இருந்தால் இங்கே ஒரு கண்ணி உண்டு. மகன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்க, அப்பா அவன் சார்பில் ஒப்பந்தம் போட்டு, வழக்கிலும் அப்பாவே கூண்டேறுவது நம் ஊர்களில் அன்றாடம் நடப்பது. வாங்குபவரின் மனத்தில் இருந்த விருப்பத்தை அவரே வந்து சொல்ல வேண்டும், பவர் வைத்திருப்பவர் சொல்வது போதாது என்று மன் கவுர் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் காரியங்கள் முழுவதையும் தந்தையே பார்த்து வந்திருந்தால் அவருடைய சாட்சியத்தை ஏற்கலாம் என்று அதே தீர்ப்பில் வழியும் விடப்பட்டுள்ளது. அப்பா அதற்கான வங்கிப் பரிமாற்றங்களையும் கடிதங்களையும் எடுத்து வைத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

நில உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏஜென்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வில்லங்கச் சான்றைப் பல ஆண்டுகள் பார்க்காமல் இருப்பவர்கள், ஏஜென்ட் தம் மனைவி பெயருக்கே குறைந்த விலையில் ஒப்பந்தம் போட்டிருப்பதைத் தாமதமாக அறிகிறார்கள். சம்மதம் இல்லாமல் ஏஜென்ட் தனக்காகவே நடத்திக்கொண்ட வியாபாரத்தை, நேர்மையற்ற மறைப்போ தமக்குப் பாதகமோ இருந்தால், உரிமையாளர் மறுக்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 215-ஆம் பிரிவு. அதற்கும் காலம் கடத்தாமல் நீதிமன்றம் போக வேண்டும். மனைப்பிரிவு போடுபவரிடம் பவர் கொடுத்தவர்களுக்கு இன்னொரு செய்தி: 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நில உரிமையாளரின் பவர் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு செயல்படுபவரையும் ‘புரமோட்டர்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அப்படிப்பட்ட திட்டங்களில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. தனியாரிடமிருந்து கைமாறும் ஒற்றை மனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஏமாற்றம் அதிகம் நடப்பதும் அங்கேதான்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பவர் ஏஜென்ட் பெயரில் வரும் மனை விளம்பரங்களில், பவர் பத்திரத்தின் பதிவு எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய மூன்றையும் தராதவற்றை ஏற்பதில்லை என்று தங்கள் விளம்பரப் பிரிவு முடிவெடுத்தால், ஒரு வரி இடத்துக்கு மேல் செலவாகாது. பதிவுத்துறைக்கும் ஒன்று: பழைய பவர்கள் பல நான்காம் புத்தகத்தில் பதிவானவை, அவற்றின் நகலைச் சம்பந்தப்பட்டவர்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் தவிர வேறு எவரும் பெற முடியாது என்பது பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. வாங்க வந்தவர் பவரின் முழு வாசகத்துக்கு ஏஜென்டின் தயவையே நம்ப வேண்டியிருப்பது இதனால்தான். தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டு, சொத்து விற்பனை சம்பந்தமான அதிகார வாசகத்தையும், பவர் நடப்பில் உள்ளதா ரத்தானதா என்பதையும் மட்டுமாவது, பத்திர எண்ணைக் கொடுத்தால் எவரும் பார்க்கும்படி செய்தால், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் ஜெராக்ஸ் எடுக்கும் வழக்கம் தானாக ஒழியும்.

என் மைத்துனர் போட்ட வழக்கு உரிமையாளரைப் பொறுத்தவரை தள்ளுபடியானது. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகச் சொன்னவர் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 235-ஆம் பிரிவின்படி, ஏஜென்ட் ஐந்து லட்சத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று ஆறு ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வந்தது. நிறைவேற்றுதல் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஏஜென்டின் பெயரில் சொத்து எதுவும் இல்லை என்று கடந்த வாய்தாவில் பதில் தாக்கல் செய்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
செங்கல்பட்டு.